வாய்தா

நீதிமன்றப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். சாய்ந்துகொள்ளாத முதுகு. எந்த நிமிடமும் எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்று தயாராக இருக்கும் முதுகு.

2020 அக்டோபரில், ஊரடங்குக் காலத்து ஆன்லைன் வகுப்புகளில் தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், என் மகன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். கறுப்பு உடை அணிந்த ஒரு பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருக்கலாம், நீதிமன்றத்திலிருந்து வெளியே வருகிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துகிறார். மகனின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். வெளியே தெரு கொள்ளாத கூட்டம்.

“இவங்க பையன் ராப்பர்மா. அவரைக் குத்திக் கொன்னுட்டாங்க. இன்னிக்குத் தீர்ப்பு. நீ ஜெயிச்சிட்டடான்னு பையன்கிட்டச் சொல்றாங்க.”

என் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. காதில் எந்நேரமும் ராப் பாட்டு. அவன் பாட்டுக்காகத்தான் அந்த வீடியோவைப் பார்த்தான்; பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் உயர்ந்த கைகளை நான் பார்க்கவில்லை. அந்தக் கைகள் உயர்வதற்கு முன்னால் அவர் எத்தனை நாள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெரியம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பையன்.

பாவ்லோஸ் ஃபீசாஸ் 1979இல் பிறந்தவர். எனக்கு ஒரு வயது மூத்தவர். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தவர். அந்தப் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள் உண்டு. அப்பா அங்கே உழைத்தவர். மகனும் அந்த வேலைக்குப் போனான். (அவர் என்று தொடங்கி அவன் என்று வந்துவிட்டது. இருந்திருந்தால் இன்று நாற்பதுகளின் நடுவில் இருப்பார். இறந்துபோனதால் முப்பத்து நான்கிலேயே நிற்கிறான். இனி அவன் என்றே எழுதுகிறேன்.) மேடையில் அவன் பெயர் ‘கில்லா பி’. கடந்த காலத்தைக் கொல்பவன் என்று அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டான். பெரிய நட்சத்திரம் இல்லை. சின்னச் சின்ன அரங்குகளில், தெருமுனைக் கூட்டங்களில், நண்பர்களோடு பாடுகிறவன். நாசிகளுக்கு எதிராகப் பாடுகிறவன்.

நாசிகள் என்றவுடன் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது 2012ஆம் ஆண்டை. கிரேக்கப் பொருளாதாரம் சரிந்து, ஓய்வூதியங்கள் வெட்டப்பட்டு, இளைஞர்களில் பாதிப் பேருக்கு வேலையில்லாமல் இருந்த காலம். கோல்டன் டான் என்று ஒரு கட்சி. தமிழில் பொன்விடியல் என்று சொல்லலாம். அவ்வளவு அழகான பெயர். அந்த ஆண்டு ஜூன் தேர்தலில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு வாக்கோடு 18 உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அக்கட்சியின் பேச்சாளர் இலியாஸ் கசிதியாரிஸ் தொலைக்காட்சி நேரலையில் ஒரு பெண் உறுப்பினர்மீது தண்ணீரை வீசினார். எழுந்து வந்த இன்னொரு பெண் உறுப்பினர் லியானா கனெல்லியின் முகத்தில் மாறி மாறி அறைந்தார். நாடே பார்த்தது. அப்புறமும் அவர்களுக்கு வாக்கு விழுந்தது. ஒரு கட்சி அடுத்து யாரை அடிக்கும் என்று தெரிந்துகொள்ள, அது தொலைக்காட்சியில் யாரை அடித்தது என்று பார்த்தாலே போதும் என்று இந்தக் காட்சியைப் பார்த்தபோது தோன்றியது.

2012 ஜூனில் பெராமா என்ற இடத்தில் எகிப்திய மீனவர்களின் வீடு புகுந்து தாக்கினார்கள். 2013 ஜனவரியில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சஹ்சாத் லுக்மான் என்ற பாகிஸ்தானிய இளைஞரை ஏதென்ஸ் தெருவில் குத்திக் கொன்றார்கள். அவருக்கு 27 வயது. செப்டம்பரில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்தினரைக் கட்டைகளோடு தாக்கினார்கள். அதற்கு ஒரு வாரத்துக்குள் பாவ்லோஸ்.

செப்டம்பர் 17 இரவு. கெராட்சினி என்ற பகுதியில் ஒரு காப்பிக் கடை. உள்ளூர் அணியான ஒலிம்பியாகோஸ் பாரிஸ் அணியோடு ஆடிய கால்பந்துப் போட்டியைப் பார்க்கக் காதலியோடும் நண்பர்களோடும் அவன் போயிருந்தான். கடையில் கட்சிக்காரர்களும் சிலர் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. நிகேயாக் கிளையின் பொறுப்பாளரிடமிருந்து உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. மோட்டார் சைக்கிள்களில், கார்களில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நள்ளிரவு தாண்டி, தெருவில் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் ஒரு கார் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கிய யோர்கோஸ் ரூபாகியாஸ் என்ற 45 வயது ஆள் நெஞ்சில் குத்துகிறான். பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள் போலீசார் நின்றிருந்தார்கள். குத்துப்பட்ட பிறகும் தன்னைக் குத்தியவன் யாரென்று பாவ்லோஸ் கை காட்டினான். அவனைப் பிடித்தது ஒரு பெண் காவலர். பிடிபட்டவன், நானும் உங்கள் ஆள்தான், பொன்விடியல்காரன் என்று சொன்னதாக நீதிமன்றத்தில் சாட்சியம் இருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தில் நான் நின்றுவிடுவேன். நானும் உங்கள் ஆள்தான். கொலை செய்த கையோடு ஒருவன் போலீசிடம் இதைச் சொல்ல முடிகிறதென்றால் அதற்கு முன்னால் எத்தனை தடவை அந்த வாக்கியம் செல்லுபடியாகியிருக்கும்!

பத்து நாட்களில், செப்டம்பர் 28 அன்று, கட்சித் தலைவர் நிகோஸ் மிஹாலோலியாகோஸும் மற்றவர்களும் கைதானார்கள். எட்டு மாதங்களுக்கு முன்னால் லுக்மான் செத்தபோது அது நடக்கவில்லை. ஒரு கிரேக்கத் தாயின் மகன் சாக வேண்டியிருந்தது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அந்த நாட்டு இடதுசாரிகளும் குடியேறிகளின் அமைப்புகளும் அன்றிலிருந்து சொல்லிவருவதுதான். ஆனால் நாம், சேரிக்கும் ஊருக்கும் தனித்தனி எஃப்.ஐ.ஆர். போடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், இதைப் படிக்கும்போது ஒரு நொடி கூடுதலாக நிற்போம்.

வழக்கு விசாரணை 2015 ஏப்ரல் 20இல் தொடங்கியது. முடிந்தது 2020 அக்டோபர் 7இல். ஐந்தரை ஆண்டுகள், 450க்கும் மேற்பட்ட அமர்வுகள், அறுபத்தெட்டு பேருக்குக் குறையாத குற்றம் சாட்டப்பட்டவர்கள். பாவ்லோஸின் தாய் மக்தா ஃபீசா அநேகமாக ஒவ்வொரு நாளும் வந்து உட்கார்ந்தார். பல அமர்வுகள் கோரிதாலோஸ் சிறை வளாகத்துக்குள் நடந்தன. விசாரணைக் காவலுக்கான உச்சவரம்பு முடிந்ததால் 2015இல் தலைவர் வெளியே வந்தார். 2016 மார்ச்சில் குத்தியவனே வீட்டுக்காவலுக்கு மாறினான். அந்தத் தாய் தன் வீட்டிலிருந்து கிளம்பி நீதிமன்றத்துக்குப் போனால், அவனும் அவன் வீட்டிலிருந்து கிளம்பி வரலாம். இடையில் 2015 செப்டம்பரில் மிஹாலோலியாகோஸ் ஒரு வானொலிப் பேட்டியில், இந்தக் கொலைக்கு அரசியல் பொறுப்பை ஏற்பதாகவும் குற்றப் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்றும் சொன்னார். ஒரு கொலையை இரண்டு பொறுப்புகளாகப் பிரிக்கலாம் என்பதையும் மக்தா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இனி பெரியம்மா.

1998 சித்திரையில், வைகைக் கரையோரம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவில் என் அண்ணன் கொல்லப்பட்டான். பெரியம்மாவின் ஒரே மகன். 24 வயது. ஒரு மெல்லிசைக் குழுவில் வேலை. பாடகன் இல்லை, வேனிலிருந்து ஸ்பீக்கர் பாக்ஸ் இறக்குவான், ஒயர் இழுப்பான், மைக் கட்டுவான். கச்சேரி தொடங்குமுன் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று மூன்று தடவை சொல்வதுதான் அவன் மேடைப் பங்கு. அதை ராகம் போட்டுச் சொல்வான். அந்த இரவு, ஒரு குறிப்பிட்ட பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி ஒரு கூட்டம் மேடையேறியது. எந்த மாதிரிப் பாட்டு என்று தென்மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழுக்காரர்கள் பயந்து பாடினார்கள். நான்காவது முறை கேட்டபோது இவன் மைக்கைப் பிடுங்கி, நேரமாச்சு, கரண்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க என்று அறிவித்துவிட்டான். விடியும்போது வேனுக்குப் பின்னால் கிடந்தான்.

ஆறு பேர் மேல் வழக்கு. ஆறு வருடம். மாதம் ஒன்றோ இரண்டோ வாய்தா. பெரியம்மா காலை ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிப்பார். மஞ்சப்பையில் ஒரு தூக்குவாளி, ஒரு தண்ணீர் பாட்டில், மகனின் பாஸ்போர்ட் அளவுப் படம். பத்தரை மணிக்கு டவாலி கூப்பிடுவார். “அரசுத் தரப்பு வாய்தா கேக்குது”, “எதிரித் தரப்பு வக்கீல் ஐகோர்ட் போயிருக்காரு”, “நீதிபதி லீவு”. திரும்ப பஸ். கூலி வேலைக்குப் போகாத அந்த ஒரு நாளுக்குக் கூலியும் கிடையாது. முக்கியமான சாட்சிகள் அந்தக் குழுவில் இருந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, இருட்டு, சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். பிறழ்சாட்சி என்று நீதிமன்றத் தமிழில் ஒரு சொல் உண்டு. நான் அதை இலக்கணம் படித்த வகுப்பில் கேட்டதில்லை, பெரியம்மாவின் வாயிலிருந்துதான் கற்றேன். “பெறள்சாட்சியாப் போயிட்டாக ஆத்தா.”

நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருந்தேன். புறநானூற்றுப் பெண்கள் பற்றிய ஆய்வு. விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு நாள் பெரியம்மாவிடம் சொன்னேன்: “எதுக்குப் பெரியம்மா இந்த அலைச்சல்? சாட்சியெல்லாம் விலைக்கு வாங்கிட்டாங்க. நீங்க போய் உக்காந்தா மட்டும் என்ன ஆகப் போகுது? விட்டுத் தொலைங்க.”

அவர் கோபப்படவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “அந்த ஆறு பேரு பேரையும் வரிசையா மூணு மூணு தரம் கூப்புடுறாக. எம் புள்ள பேரை ஒருக்காக்கூடக் கூப்புடல. அவனுக்குன்னு ஒரு ஆளு அங்கன இருக்க வேணாமா?”

எனக்குச் சட்டம் தெரியாது. பிற்பாடுதான் அவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. நம் நாட்டில் குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது. இறந்தவன் ஒரு குற்ற எண். அவன் தாய் அதிகம் போனால் அரசுத் தரப்பின் ஒரு சாட்சி. வழக்காடுபவர் அல்ல. பாதிக்கப்பட்டவர் தன் வழக்கறிஞரை வைத்து அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், விடுதலையை எதிர்த்துத் தானே மேல்முறையீடு செய்யலாம் என்ற உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 31இல். பெரியம்மாவின் வழக்கில் ஆறு பேரும் விடுதலையானது 2004இல். “அப்பீல் போறது கவர்மெண்டு இஷ்டம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கவர்மெண்டு இஷ்டப்படவில்லை.

கிரேக்கத்தில் இது வேறு. கொல்லப்பட்டவரின் குடும்பம் குற்ற வழக்கிலேயே ஒரு தரப்பாகச் சேரலாம். அவர்களுடைய வழக்கறிஞர்கள் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம், வாதாடலாம். ஃபீசாஸ் குடும்பமும் எகிப்திய மீனவர்களும் தொழிற்சங்கத்தினரும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். லண்டனில் இருந்து இயங்கும் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற ஆய்வுக் குழு, குடும்பத்தின் வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி, தெருக் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளையும் காவல்துறை வயர்லெஸ் பதிவுகளையும் நிமிடம் நிமிடமாகப் பொருத்திப் பார்த்தது. யார் எப்போது எந்த வழியாக வந்தார்கள், போலீஸ் எப்போது அங்கே இருந்தது என்பது 2018இல் நீதிமன்றத் திரையில் ஓடியது. மகன் சாகும் இரவை ஒரு தாய் நிமிடக் கணக்கில் திரையில் பார்க்க வேண்டும் என்பது கொடுமைதான். ஆனால் அதைப் பார்ப்பதற்கான இடம் அவருக்கு அங்கே இருந்தது. பெரியம்மாவுக்குக் கூடத்தின் கடைசியில் ஒரு பெஞ்சின் ஓரம்தான் இருந்தது. அதுவும் வக்கீல் குமாஸ்தாக்கள் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும்.

சட்டம் இடம் கொடுத்ததால் மட்டும் எல்லாம் சரியாகவில்லை. 2019 டிசம்பரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, கொலை செய்தவன் குற்றவாளி, ஆனால் தலைமை உத்தரவிட்டதற்கு ஆதாரமில்லை, அவர்களைக் குற்றக் கும்பல் நடத்திய குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தார். நாலரை ஆண்டு உட்கார்ந்த பிறகு இது. அந்த வழக்கறிஞர் ஒரு பெண். அதை ஏற்காமல் தீர்ப்பு வாசித்த தலைமை நீதிபதி மரியா லெபெனியோட்டியும் ஒரு பெண். ரூபாகியாஸைப் பிடித்த காவலர் பெண். குடியேறிகளை மனிதரிலும் கீழானவர்கள் என்று 2012இல் நாடாளுமன்றத்தில் பேசிய பொன்விடியல் உறுப்பினர், கட்சித் தலைவரின் மனைவி எலேனி சருலியா, அவரும் பெண். பெண்ணென்றால் இரக்கம், தாயென்றால் நீதி என்று வகுப்பில் யாராவது கட்டுரை எழுதிக் கொண்டுவந்தால் இந்த நான்கு பேரையும் வரிசையில் நிறுத்திக் காட்டுகிறேன்.

வகுப்பு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். புறநானூறு 278. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. உங்கள் மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, அப்படியானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுப்பேன் என்று சினந்து, வாளோடு போர்க்களம் போய், சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று ஒரு தாய். இருபது ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். மூதின்முல்லை, மறக்குடி மகளிர், வீரத்தாய் என்று சொல்லிக்கொண்டே போவேன். நான்கைந்து வருடத்துக்கு முன்னால் இளங்கலை இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அம்மா, அவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டு மறுநாள் என்ன பண்ணாங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளைப் பற்றிப் பாட்டில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் இலக்கியத்தில் மகனை இழந்த தாய்க்கு மறுநாள் கிடையாது. கணவனை இழந்த கண்ணகிக்கும் அப்படித்தான். கண்ணகிக்கு வாய்தாவும் இல்லை. ஒரே நாளில் வழக்கு, ஒரே நாளில் தீர்ப்பு, நீதிபதியே விழுந்து செத்துப்போகிறான். ஊர் எரிகிறது. எவ்வளவு சுலபமான நீதி! அடுத்த விசாரணை வரும் பதினெட்டாம் தேதி என்று பாண்டியன் அவையில் சொல்லியிருந்தால் இளங்கோ என்ன செய்திருப்பார்?

கிரேக்கர்களிடமும் ஒரு தாய் இருக்கிறாள். 1936 மே மாதம் தெசலோனிகி நகரில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுடப்பட்ட ஓர் இளைஞனின் உடல்மேல் கவிழ்ந்து அழும் தாயின் புகைப்படம் செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்து யானிஸ் ரிட்சோஸ் ‘எபிடாஃபியோஸ்’ என்ற நெடுங்கவிதையை எழுதினார். சில மாதங்களில் வந்த சர்வாதிகார அரசு அதை எரித்தது. பின்னாளில் மிகிஸ் தியோடராக்கிஸ் இசையமைக்க, நாடே அதைப் பாடியது. பெரிய கவிதை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தில் இருந்த தாயும் படத்துக்குப் பிறகு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள். கவிஞர்கள் எங்களுக்கு அவள் கவிழ்ந்திருக்கும்போதுதான் வேண்டும்.

‘எங்களுக்கு’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பெரியம்மாவின் வழக்கில் தீர்ப்பு வந்த ஆண்டு நான் ஒரு கவிதை எழுதினேன். அதில் ஒரு தாய் நீதிமன்ற வாசலில் தலைவிரிகோலமாக மண்ணை வாரித் தூற்றுகிறாள். நிறையப் பாராட்டு. என் முதல் தொகுப்பில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை பார்த்தபோது கேட்டார்: “நான் எப்ப ஆத்தா அங்கன அழுதேன்?”

அழவில்லைதான். தீர்ப்பன்று நானும் உடனிருந்தேன். விடுதலை என்று சொன்னதும் அந்த ஆறு பேரின் ஆட்கள் வெளியே வெடி போட்டார்கள். பெரியம்மா அரசு வழக்கறிஞரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். டவாலியிடம் சொல்லிக்கொண்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றில் பாதியை எனக்கு வைத்தார். இதை நான் கவிதையில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதைவிட, எழுதத் தகுந்ததாகத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அழுகையை எழுதினால் கவிதை, உட்கார்ந்திருத்தலை எழுதினால் என்ன? ஆறு வருடம் அவர் செய்தது அழுகை அல்ல, வேலை. விடியலில் எழுந்து, பேருந்து பிடித்து, கூலியில்லாமல், யாரும் கேட்காமல், ஒரு நாளும் தவறாமல் செய்த வேலை. சமைப்பதும் துவைப்பதும் வேலை என்று மேடைகளில் பேசிய எனக்கு, இதுவும் அந்தக் கணக்கில் வரும் என்று தெரிய மக்தா ஃபீசா வேண்டியிருந்தது. ஏதென்ஸிலிருந்து வந்தால்தான் எனக்கு எதுவும் புரிகிறது.

அதனால்தான் மக்தாவை வீரத்தாய் என்று யாராவது எழுதினால் எனக்குப் பதைக்கிறது. அவரை ‘ஆன்டி ஃபாசிசத்தின் அன்னை’ ஆக்கிச் சுவரோவியம் வரையலாம், வரைகிறார்கள். அந்தச் சுவரோவியத்தில் முழங்கால் வலி இருக்காது. வீட்டிலிருந்த கணவரும் மகளும் அந்த ஐந்தரை ஆண்டு எப்படி வாழ்ந்தார்கள் என்பது இருக்காது. தாய் என்பதால்தான் செய்தார் என்று சொல்லிவிட்டால், நீதித்துறையும் காவல்துறையும் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு தனிப் பெண்ணின் கர்ப்பப்பையில் ஏற்றிவிட்டு நாம் போய்விடலாம்.

2020 அக்டோபர் 7 காலை. நீதிமன்றத்துக்கு வெளியே அலெக்சாந்திராஸ் சாலையில் பல்லாயிரம் பேர். அவர்கள் நிரபராதிகள் அல்ல என்பதுதான் பதாகைகளில் இருந்த வாசகம். தீர்ப்பு: பொன்விடியல் ஒரு குற்றக் கும்பல். மிஹாலோலியாகோஸும் ஆறு மூத்த தலைவர்களும் அதை நடத்திய குற்றவாளிகள். ரூபாகியாஸ் கொலைக் குற்றவாளி. மக்தா வெளியே வந்து கைகளை உயர்த்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சில நிமிடங்களில் போலீசார் அந்தக் கூட்டத்தின்மேல் கண்ணீர்ப் புகையும் தண்ணீரும் அடித்தார்கள். என் மகன் காட்டிய வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. நான் பிறகு தேடிப் பார்த்தேன். அடுத்த வாரம் தண்டனை அறிவித்தார்கள். ரூபாகியாஸுக்கு ஆயுள், தலைவருக்கு 13 ஆண்டுகள். கட்சி 2019 தேர்தலிலேயே மூன்று விழுக்காட்டைத் தொடாமல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேறியிருந்தது. கொலை நடந்த தெருவுக்கு இப்போது பாவ்லோஸின் பெயர். ஒவ்வொரு செப்டம்பர் 18இலும் அங்கே பூக்களோடும் கொடிகளோடும் கூடுகிறார்கள்.

அன்றிரவு அந்தத் தெருவில் நின்றிருந்த போலீசார் யாரும் அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. 2022இல் மேல்முறையீட்டு விசாரணை தொடங்கியது. மக்தா மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவரிடம், வெகுநாளாக நினைத்திருந்ததுபோல, கைப்பேசியில் அந்த வீடியோவைக் காட்டினேன். கறுப்பு உடை, உயர்ந்த கைகள், கூட்டம். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பெரியம்மா கண்ணைச் சுருக்கி, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, முழுதாகப் பார்த்தார்.

“எந்தூரு?”

“கிரீஸ்னு ஒரு நாடு, பெரியம்மா. கடலுக்கு அந்தப் பக்கம். இவங்க மகன் பாட்டுப் பாடுறவரு.”

“புடிச்சு உள்ள போட்டாகளா?”

“போட்டாங்க. தலைவனையும் சேத்து.”

சற்று நேரம் பேசவில்லை. இரண்டு மொச்சை உரித்தார். “எம்புட்டு வாய்தா?”

“நானூத்தம்பதுக்கு மேல.”

“ஆத்தாடி” என்றார். கைப்பேசியை மறுபடி வாங்கி, நின்றுபோயிருந்த படத்தில் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செஞ்சுச்சாம் அந்தப் புள்ள?”